இறங்கும்போது மட்டும் சாயும் வண்டி: ஒரு பிக்கப்பின் முன் ஸ்டெபிலைசரை மாற்றிய கணக்கு

"ஏறும்போது ஒண்ணும் இல்லைங்க தம்பி. இறங்கும்போதுதான் ஒரு பக்கமாப் படுக்கப் பாக்குது. வீட்டுக்காரி முன் சீட்டுல உக்காரவே மாட்டேங்கிறா."

கொல்லிமலை அண்ணன் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான். சொல்லிவிட்டு வண்டிக்குப் பின்னால் போய் நீளமான அட்டைப்பெட்டி ஒன்றை இழுத்துக் கீழே வைத்தார். உள்ளே பவுடர் கோட்டிங் அடித்த 30 மி.மீ. ஸ்டெபிலைசர் பார் (வண்டி சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பி), அந்தக் கம்பியைச் சுற்றி உட்காரும் பாலியூரிதேன் புஷ் இரண்டு, கிளாம்ப், போல்ட். வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். நோய் இன்னதென்று பார்ப்பதற்கு முன்பே மருந்து வந்துவிட்டது. பட்டறைக்கு வரும் பாதிக் கேஸ்கள் இப்படித்தான்.

வண்டி 2017 மாடல் டபுள் கேப், நாலு வீல் டிரைவ். முன்னால் இரட்டை விஷ்போன் (சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடிக்கும் இரண்டு கைகள்), காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங். ஸ்டெபிலைசர் முன்னால் மட்டும். ஓடியது 1,12,000 கி.மீ. கம்பெனி பெயர் இங்கே வேண்டாம். இதே அமைப்பில் வரும் எந்தப் பிக்கப்புக்கும் கீழே சொல்வதில் பெரும்பகுதி பொருந்தும். அண்ணனுக்கு மலைமேல் மிளகு, காபி, ஊடே வாழை. காரவள்ளி அடிவாரத்திலிருந்து மேலே போக 70 கொண்டை ஊசி வளைவு. வாரத்துக்கு மூன்று தடவையாவது ஏறி இறங்குகிற வண்டி.

ஏறும்போது இல்லாத சாய்வு இறங்கும்போது ஏன் வருகிறது? துப்பு இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று தோன்றியது. பாதை ஒன்றே, வளைவும் ஒன்றே. மேலே போகும்போது என்ன ஏற்றுவீர்கள் என்று கேட்டேன். உர மூட்டை. இறங்கும்போது? வாழைத்தார். உர மூட்டை வண்டியின் பின் தொட்டியின் தரையோடு படுத்துக்கொள்ளும். வாழைத்தாரோ தொட்டி நிறைந்து, கேபின் கூரைக்கு மேல் போட்டிருக்கும் கேரியர் வரை ஏறி நிற்கும். இரண்டுமே சுமார் 700 கிலோதான், ஆனால் உயரம் வேறு. போதாததற்கு இறக்கத்தில் பிரேக் பிடிக்கப் பிடிக்க எடை முன்னால் வந்து விழுகிறது.

ஸ்டெபிலைசர் என்ன செய்கிறது என்பதை ஈரத்துண்டைப் பிழிவதை வைத்து விளங்கிக்கொள்ளலாம். இடது முன் சக்கரத்துக்கும் வலது முன் சக்கரத்துக்கும் நடுவே குறுக்கே ஓடும் இரும்புக் கம்பி அது. இரண்டு முனையிலும் கை போல வளைந்து, லிங்க் ராடு என்னும் சின்னத் தண்டு வழியாக, சக்கரத்தைத் தாங்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மைப் பிடித்திருக்கும். வளைவில் வண்டி சாய்ந்தால் ஒரு கை மேலே போகும், மறு கை கீழே போகும். நடுக்கம்பி துண்டு மாதிரி முறுக்கும். அந்த முறுக்கை அது எதிர்க்கிற எதிர்ப்புதான் சாய்வைக் குறைக்கிறது. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஸ்பீடு பிரேக்கர் ஏறினால் இரண்டு கையும் ஒன்றாக மேலே போகும், முறுக்கே இருக்காது, பாருக்கு அங்கே வேலையும் இல்லை. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் முறுக்கு உண்டு. இந்தக் கடைசி வரியைப் பிறகு அண்ணனே நேரில் கண்டுகொண்டார். கனடாவின் ஃபிரெடெரிக்டன் ஊர்க்காரரான ஸ்டீஃபன் கோல்மன் 1919இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். நூறு வருடம் தாண்டியும் அடிப்படை மாறவில்லை.

தடிமன் விஷயத்தில் ஆட்கள் ஏமாறுவது கணக்கின் வேகத்தில். முறுக்குக்கு எதிரான கடினம் விட்டத்தின் நான்காம் அடுக்கில் கூடும். பழைய பாரை வெர்னியர் அளவுகோலால் அளந்தேன்: 26 மி.மீ. புதியது 30. கையில் பிடித்துப் பார்த்தால் நாலு மில்லிமீட்டர் ஒரு வித்தியாசமாகவே தெரியாது. 30ஐ 26ஆல் வகுத்து, வரும் எண்ணை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 1.77. அதாவது 77 சதவீதம் கூடுதல் கடினம். 28 மி.மீ. வாங்கியிருந்தால் 35 சதவீதம்தான். இதற்காக வண்டியின் சாய்வு 77 சதவீதம் குறைந்துவிடாது. சாய்வை எதிர்ப்பது பார் மட்டுமல்ல. முன் காயில்களும் பின் பட்டையும் அந்த வேலையில் பங்காளிகள். பாரின் பங்கு எவ்வளவோ, அதில்தான் இந்த 77.

லேத் பட்டறை நண்பர் ஒருவர் பெட்டியைப் பார்த்துவிட்டு, "இதுக்குப் போயி இவ்வளவு காசா? இஎன் 8 கம்பி 30 எம்எம்ல வாங்கிக் குடு, கேஸ்ல சூடு பண்ணி வளைச்சுத் தர்றேன்" என்றார். இஎன் 8 என்பது பட்டறைகளில் புழங்கும் ஒரு சாதாரண எஃகு ரகம். அவர் சொன்னதில் பாதி உண்மை. எந்த ஸ்டீலாக இருந்தாலும் முறுக்குக் கடினம் ஏறக்குறைய ஒன்றுதான். சாதாரணக் கம்பியோ ஸ்பிரிங் ஸ்டீலோ, அந்தக் கணக்கில் வரும் எண் 80 கிகாபாஸ்கல் பக்கத்தில்தான் இருக்கும். சூட்டுப் பதம் அதை மாற்றாது. பதம் மாற்றுவது வேறு: எவ்வளவு முறுக்கினால் கம்பி திரும்பி வராமல் அப்படியே நின்றுவிடும், எத்தனை லட்சம் முறை முறுக்கினால் விரிசல் விடும் என்பதை. கேஸ் வைத்து வளைத்த கம்பி முதல் மாதம் அசல் பார் போலவே வேலை செய்யும், அதுதான் ஆபத்து. ஒருநாள் வளைவில் முனை உடைந்து லோயர் ஆர்முக்கும் ரோட்டுக்கும் நடுவே தொங்கும். வேண்டாமென்று சொல்லிவிட்டேன்.

அளவெடுத்தது

புது பாரைப் போடுவதற்கு முன் பழையதைப் படுத்துப் பார்த்தேன். வண்டி நான்கு சக்கரத்திலும் நிற்க, பையன் ஒருவனைத் தொட்டியின் பக்கவாட்டில் நிறுத்தி ஆட்டச் சொன்னேன். நான் கீழே படுத்து, பாரும் கிளாம்பும் சேருமிடத்தில் விரல் வைத்தேன். சரியான வண்டியில் விரலுக்கு ஒன்றும் தெரியக்கூடாது. இங்கே முதலில் பார் புஷ்ஷுக்குள்ளே மேலும் கீழும் நகர்ந்தது, அதற்கப்புறம்தான் முறுக்கத் தொடங்கியது. கிளாம்பைக் கழற்றினால் புஷ்ஷின் வட்டத் துளை முட்டை வடிவமாகிவிட்டிருந்தது. ரப்பர் வெளியே பிதுங்கிப் பாளம் பாளமாக வெடித்திருந்தது. புஷ் உட்காரும் இடத்தில் மட்டும் பார் கண்ணாடி மாதிரி பளபளப்பு. வெர்னியர் அங்கே 25.4 காட்டியது. மண்ணும் தண்ணீரும் உள்ளே போய் உப்புத்தாள் போலத் தேய்த்திருக்கிறது. இடது லிங்க் ராடின் பந்து மூட்டு கையால் ஆட்டினாலே ஆடியது.

அண்ணனைக் கூப்பிட்டு விரல் வைக்கச் சொன்னேன். வைத்தவர் எடுக்கவே இல்லை. "அப்ப இத்தனை நாளா பார் இருந்தும் இல்லாத மாதிரிங்களா?"

"பாதி இருந்துச்சுங்ணா. மீதிப் பாதி புஷ்ஷுக்குள்ள ஆடிட்டு இருந்துச்சு."

உடனே புதியதைப் போடாமல் மூன்று கட்டமாகச் செய்யலாம் என்றேன். இருக்கிற நிலையில் ஓர் அளவு. பழைய பாரிலேயே புது ரப்பர் புஷ், புது லிங்க் போட்டு இரண்டாவது. 30 மி.மீ. பார் போட்டு மூன்றாவது. கொஞ்சம் முணுமுணுத்தார், ஒத்துக்கொண்டார்.

செல்போன் ஆப்பில் சாய்வு அளப்பதை நம்ப வேண்டாம். வண்டி திரும்பும்போது போனுக்குள் இருக்கும் சென்சார் பக்கவாட்டு விசையையும் சாய்வையும் ஒன்றாகக் குழப்பிக் காட்டும். நாங்கள் லாரி செட்டின் காலி மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் 12 மீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டோம். நாமக்கல்லில் கோழித்தீவன மூட்டைக்கா பஞ்சம்? 50 கிலோ மூட்டை 14ஐக் கடன் வாங்கி, அடியில் மரத்தட்டுகளை அடுக்கி, வாழைத்தார் உயரத்துக்குத் தூக்கி வைத்து, நாலு பக்கமும் கயிறு இறுக்கிக் கட்டினோம். மணிக்கு 20 கி.மீ.யில் சீராகச் சுற்ற வேண்டும். ஸ்டாண்டில் நிறுத்திய கேமரா பின்னாலிருந்து எடுக்கும். வீடியோவை நிறுத்திப் பம்பர் கோட்டின் சாய்வை அளப்போம். 12 மீட்டர் வட்டத்தில் 20 கி.மீ. வேகம் என்றால் பக்கவாட்டு விசை 0.26 ஜி, அதாவது வண்டி எடையில் சுமார் கால் பங்கு. மலைவளைவில் நிதானமாகப் போகிறவர் சந்திப்பதும் ஏறக்குறைய இதுதான்.

பழைய நிலையில் சாய்வு 2.6 டிகிரி. புது புஷ்ஷும் லிங்க்கும் போட்டதும் 2.3. இந்தச் செலவு, வெளிநாட்டுப் பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் டீ, வடைக் காசு. 30 மி.மீ. பாரோடு 1.8.

இன்னொரு சோதனையும் செய்தோம், ஓட்டவே தேவையில்லாதது. இடது முன் சக்கரத்தை 150 மி.மீ. உயரக் கட்டைமேல் ஏற்றி நிறுத்தி, முன் மட்கார்டு விளிம்பின் உயரம் இரண்டு பக்கமும் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று டேப் வைத்துப் பார்ப்பது. பழைய நிலையில் 85 மி.மீ.; புது புஷ்ஷில் 93; தடித்த பாரில் 105. எண் ஏறுகிறதே என்று பையன் குழம்பினான். "அண்ணா, பார் போட்டா சாய்வு கொறையணும்ல?" வளைவில் குறையும், கட்டையில் கூடும். வளைவில் சாய்வது வண்டியின் உடம்பு, பார் அதைப் பிடித்து நிறுத்துகிறது. கட்டையில் தூக்கப்படுவது சக்கரம். தடித்த பார் அந்தத் தூக்கலை உடம்புக்கும் மறுபக்கத்துக்கும் கடத்துகிறது. குழி ரோட்டில் தலை இடமும் வலமும் ஆடுவது இதனால்தான். பார் உண்மையில் பிடித்திருக்கிறதா, புஷ்ஷில் விட்டுக்கொடுக்கிறதா என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லும் சோதனை இது.

மாட்டியது

மாட்டுவது பெரிய வித்தை இல்லை. வண்டியின் அடிப்பக்கத் தகட்டைக் கழற்றி, லிங்க் நட்டை அவிழ்க்கும்போது நடுத்தண்டு கூடவே சுற்றாமல் ஆலன் கீ வைத்துப் பிடித்து, கிளாம்பு போல்ட் நான்கையும் எடுத்தால் பார் ஒரு பக்கமாக உருவி வரும். இரண்டு இடத்தில் மட்டும் கவனம் வேண்டும்.

ஒன்று கிரீஸ். பாலியூரிதேன் புஷ்ஷுக்குப் பெட்டியோடு வந்த சிலிகான் கிரீஸைத் தாராளமாகத் தடவலாம்; தடவாவிட்டால் ஒரு வாரத்தில் கதவுக்கீல் மாதிரி கிரீச்சிடும். ரப்பர் புஷ்ஷுக்குப் பட்டறையில் கிடக்கும் பெட்ரோலிய கிரீஸ் ஆகவே ஆகாது, ஊறி உப்பிவிடும். சோப்புத் தண்ணீர் போதும். மற்றொன்று நட்டை இறுக்கும் நேரம். ஜாக்கியில் ஒரு சக்கரம் தொங்கிக்கொண்டிருந்தால் பார் முறுக்கிய நிலையில் இருக்கும்; அப்போது இறுக்கக் கூடாது. நான்கு சக்கரமும் தரையில் நிற்க, வண்டி தன் உயரத்தில் உட்கார்ந்த பிறகுதான் கடைசி இறுக்கம், குறித்த அளவுக்கு இறுக்கும் டார்க் ரெஞ்ச்சில். அதற்கு முன் ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் கடைசிவரை திருப்பி, சக்கரத்தை முழுக்கத் தொங்கவிட்டு, பார் ஆக்ஸில் மூட்டின் ரப்பர் உறையையோ பிரேக் ஹோஸையோ தொடுகிறதா என்று பார்த்தோம். தடித்த பாருக்கு இடம் அதிகம் வேண்டும். வலது பக்கம் பிரேக் ஹோஸுக்கு ஒரு விரல் இடைவெளிதான் இருந்தது. ஹோஸ் கிளிப்பைக் கொஞ்சம் மேலே திருப்பிப் போட்டோம்.

ஆர்.சி. புத்தகத்தில் ஸ்டெபிலைசருக்கென்று கட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் இன்சூரன்ஸ்காரருக்குச் சொல்லி வைக்கச் சொன்னேன். கழற்றிய பாரைத் துடைத்து எண்ணெய் பூசி அவரிடமே கொடுத்துவிட்டேன்.

மழை வந்த பிறகு

முதல் மாதம் அண்ணனுக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்காரம்மா முன் சீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள். ஏறும்போது உள்பக்கப் பின்சக்கரம் வளைவில் சீறுவது குறைந்தது என்றும் சொன்னார். அது கற்பனை இல்லை. முன்பக்கம் கடினமானால் சாய்வின் சுமையை முன்பக்கமே அதிகம் ஏற்றுக்கொள்ளும். உள்பக்கப் பின்சக்கரத்தில் எடை கொஞ்சம் மிஞ்சும், பிடிப்பும் மிஞ்சும்.

ஐப்பசி மழையில்தான் போன் வந்தது. "தம்பி, ஈர ரோட்டுல ஸ்டீயரிங் திருப்பினா மூக்கு நேராப் போகப் பாக்குதுங்க." நான் எதிர்பார்த்துப் பயந்ததே அது. ஒரே அச்சில் இரண்டு டயருக்கும் எடை சமமாக இருந்தால் கிடைக்கும் மொத்தப் பிடிப்பு, ஒன்றின்மேல் அதிகமும் மற்றதன்மேல் குறைவுமாக இருந்தால் கிடைக்காது. தடித்த முன்பார் வளைவில் முன் அச்சின் எடையை வெளிப்பக்க டயர்மேல் கொண்டுபோய்க் குவிக்கிறது. காய்ந்த ரோட்டில் இது தெரியாது. ஈரத்தில் முன்பக்கம் முதலில் வழுக்கும்.

தோட்டத்துக்குப் போகும் மண்பாதையிலும் தொல்லை. டிராக்டர் தடம் பதிந்த ஆழமான பள்ளங்களில் முன்சக்கரம் ஒன்று தரையை விட்டு எழும்பி நின்று சும்மா சுற்றுகிறதாம். ஜீப் ராங்ளர் ரூபிகான், ராம் பவர் வேகன் போன்ற வண்டிகளில் பட்டனை அழுத்தினால் முன்பார் இரண்டாகப் பிரிந்து சக்கரங்களைத் தனித்தனியே விட்டுவிடும். டொயோட்டாவின் கேடிஎஸ்எஸ் என்னும் சஸ்பென்ஷன் அமைப்பு அதே வேலையை ஆயிலை வைத்துச் செய்கிறது. "அந்தப் பட்டன் இதுல போட முடியாதுங்களா?" என்றார். பார் விலையை விட அது பல மடங்கு ஆகும் என்றதும் பேச்சை மாற்றிக்கொண்டார்.

நல்ல வேளையாக அந்தப் பாரின் கைகளில் இரண்டிரண்டு துளை இருந்தது. நான் மாட்டியது உள்துளையில். பழைய பாரின் கை நீளமும் அதுதான், 240 மி.மீ. வெளித்துளை 265. கை நீளமானால் கடினம் நீளத்தின் இரண்டாம் அடுக்கில் குறையும்: 240ஐ 265ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.82. ஆக 1.77 என்பது 1.45 ஆகிறது, 28 மி.மீ. பாரைவிடக் கொஞ்சம் கூடுதல். லிங்க்கை வெளித்துளைக்கு மாற்ற முக்கால் மணி நேரம் ஆனது. மறுபடி வட்டத்தில் ஓட்டினோம்: 1.9 டிகிரி. கட்டைச் சோதனை 102. மூக்கு ஓடுவது முழுக்கப் போய்விடவில்லை, ஆனால் அண்ணன் முகம் சுளிக்காமல் ஓட்டும் அளவுக்கு வந்தது. உள்துளையில் முதலில் போட்டது என் தப்பு. இரண்டு துளை உள்ள பாரை மென்மையான துளையில் தொடங்கி, போதாவிட்டால்தான் கடினத்துக்குப் போக வேண்டும்.

இதைவிட எனக்கு உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. மாட்டிய பிறகு எந்த வேகத்தில் வளைவு எடுக்கிறீர்கள் என்று கேட்டேன். "முன்ன 18, 20ல வருவேன். இப்ப 25 தாராளமாப் போகுதுங்க." 18இலிருந்து 25 என்பது கேட்க ஏழுதான். ஆனால் பக்கவாட்டு விசை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 11 மீட்டர் ஆர வளைவில் 18 கி.மீ.யில் 0.23 ஜி இருந்தது 25இல் 0.45 ஆகிவிடும், கிட்டத்தட்ட இரட்டிப்பு. சாய்வு குறைந்ததால் அவர் உடம்புக்கு அது தெரியவில்லை.

வண்டி கவிழும் எல்லையைத் தீர்மானிப்பது முக்கியமாக இரண்டே அளவு: சக்கரங்களின் இடைவெளியில் பாதி, மொத்தப் பாரத்தின் மையம் தரையிலிருந்து இருக்கும் உயரம். ஸ்டெபிலைசர் இந்த இரண்டையும் தொடுவதில்லை. பேப்பரில் போட்டுக் காட்டினேன். வண்டி 1,900 கிலோ, அதன் மையம் 0.7 மீட்டர், வாழை 700 கிலோ, மையம் 1.5 மீட்டர். சேர்ந்தால் 0.92. இடைவெளி 1.57 மீட்டர் என்றால் காகிதக் கணக்கில் எல்லை 0.86 ஜி, டயரும் ஸ்பிரிங்கும் அமுங்குவதால் நிஜத்தில் அதற்கும் கீழே. வாழைத்தார் மையத்தை 30 செ.மீ. இறக்கினால் எல்லை 0.94. அதோடு வளைவில் சாய்க்கும் விசையும் ஆறில் ஒரு பங்கு குறைகிறது, புஷ் மாற்றி நாம் சம்பாதித்ததைவிட அதிகம். இதற்குச் செலவு ஒரு பைசா இல்லை, கூரைக் கேரியரைக் கழற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அண்ணன் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "கேரியரைக் கழட்டினா ஒரு நடைக்குப் பத்துத் தார் கொறையுமேங்க."

"கொறையட்டுங்ணா. வாரத்துக்கு ஒரு நடை கூடப் போட்டுக்கலாம்."

மூன்று வாரம் கழித்து வந்தபோது கேரியர் இல்லை. கூரையில் நான்கு போல்ட் துளைகளுக்கு எம்சீல் வைத்து அடைத்திருந்தார். வந்த காரணம் வேறு: இடது முன்பக்கம் குழியில் "டக்" என்று ஒரு சத்தம். புதிதாகப் போட்ட லிங்க்கின் பந்து மூட்டு 4,000 கி.மீ.யிலேயே ஆடத் தொடங்கியிருந்தது. 26 மி.மீ. பாருக்கென்று செய்த லிங்க் அது; கடினமான பார் ஒவ்வொரு குழியிலும் அதைக் கூடுதலாக இழுக்கிறது. இருபக்கமும் தடித்த தண்டுள்ள லிங்க்காக மாற்றினேன். கிளாம்பு போல்ட் பதிந்திருக்கும் சேஸிஸ் தகட்டை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவி, டார்ச் அடித்து வெல்டிங் ஓரமாக மயிரிழை விரிசல் ஏதும் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. தகட்டின் ஓரத்தில் வெள்ளை பெயின்ட்டால் ஒரு கோடு இழுத்துவிட்டேன்; விரிசல் விட்டால் கோடு முதலில் உடைந்து காட்டும். அடுத்து 10,000 கி.மீ.யில் வரச் சொல்லியிருக்கிறேன், புஷ் கிளாம்பைக் கழற்றிப் பார்க்க.